நானூறு கிலோமீற்றரும் ஒரு முத்திரை அட்டையும்

சென்ற கோடையில் ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐம்பது தாண்டின பிறகு உமக்கு ஏன் இந்த வேலை? இரவிரவாகச் சைக்கிள் ஓடி எங்கே போறீர்? என்ன பரிசு? எத்தனையாவதாக வந்தீர்?" என்று கேட்டார்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறேன். பரிசு கிடையாது. இடமும் கிடையாது. இந்தப் பதில்கள் அவருக்குத் திருப்தி தரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் ஓடுவது பந்தயம் அல்ல. பிரெஞ்சு மொழியில் இதைப் 'பிரெவே' என்பார்கள், ஓடுபவரை 'ராண்டனர்' என்பார்கள். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், வெளியுதவி இல்லாமல் ஓடி முடிக்க வேண்டும். 200 கி.மீ. தூரத்துக்கு பதின்மூன்றரை மணித்தியாலம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. முதலில் வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் ஒரே மதிப்புத்தான். முடிவுப் பட்டியலில் வரிசை எண் இருக்காது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 200 என்பது ஏறத்தாழ யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம். 400 என்பது ஏ-9 வழியாகக் கொழும்பு. இவற்றுக்கெல்லாம் தாய் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1200 கி.மீ., உச்ச வரம்பு 90 மணித்தியாலம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் மூன்று தடவை ஓடுவதற்குச் சமம். 1891இல் பத்திரிகை ஒன்று நடத்திய பந்தயமாகத்தான் அது தொடங்கியது. முதல் வென்ற சார்ள்ஸ் தெரோன் 71 மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாக எடுத்தார். இன்று ஓடக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதை நடத்துகிறது. 2023இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் புறப்பட்டார்கள். கலந்துகொள்ள விரும்புபவர் அதே ஆண்டில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். சென்னையிலும் இதற்கென ஒரு சங்கம் உண்டு. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய ராண்டனர்ஸ் யூ.எஸ்.ஏ. இதைப் பார்த்துக்கொள்கிறது. நியூ ஜேர்சிக்குத் தனிக் கழகம் உண்டு.

நடைமுறை இதுதான். விடியமுன் புறப்படும் இடத்தில் ஓர் அட்டை தருவார்கள். வழியில் கட்டுப்பாட்டு நிலையங்கள் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு பெற்றோல் நிலையம் அல்லது கோப்பிக் கடை. அங்கே நேரம் குறித்துக் கையொப்பமோ முத்திரையோ பெற வேண்டும். இப்போது கைபேசியிலும் செய்யலாம். உதவி தேவையென்றால் அந்த நிலையங்களில் மட்டும் பெறலாம். நடுவழியில் வீட்டார் காரில் பின்தொடர்ந்து வந்து சாப்பாடு கொடுக்கக்கூடாது. ரியூப் வெடித்தால் நீங்களே மாற்ற வேண்டும்.

நான் கணக்காளன். இந்த ஓட்டத்தை எனக்கு விளங்கவைத்ததும் கணக்குத்தான். 400 கி.மீ.க்கு 27 மணித்தியாலம் உண்டு. மணிக்கு 20 கி.மீ. ஓடினால் 20 மணித்தியாலம் செலவு, மீதி ஏழு. எட்டுத் தரிப்பிடங்களில் இருபது நிமிடம் வீதம் நின்றால் 2 மணி 40 நிமிடம். ரியூப், வழி தவறுதல் என்று 40 நிமிடம். தூக்கத்துக்கு 3 மணி 40 நிமிடம் மிஞ்சும். ஆனால் வட நியூ ஜேர்சி முழுக்க ஏற்ற இறக்கம். வேகம் 18 ஆகக் குறைந்தால் மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. கால் வேகத்தைவிடக் கடை வாசலில் வீணாகும் பத்து நிமிடங்களே ஒருவரை வெளியேற்றுகின்றன. சிறு செலவுகளால் மூடப்பட்ட கடைகள் பலவற்றின் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பசிக்கு முன் சாப்பிட வேண்டும், தாகத்துக்கு முன் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலை சுற்றும். எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், வாழைப்பழம், உப்புப் போட்ட சோற்று உருண்டை ஆகியவைதான் என் பையில் இருப்பவை. வெளிச்சத்துக்குப் பலர் பற்றரியை நம்புவதில்லை. முன்சில்லின் நடுவில் பூட்டிய டைனமோதான். அதை முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, பீ.பீ.சி. தமிழோசை கேட்ட தலைமுறை நாங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் தடைப்பட்ட அந்த ஆண்டுகளில் விறகு, நோயாளி, மணப்பெண் எல்லாமே சைக்கிளில்தான் போயின.

என் முதல் 400 முடியவில்லை. 290ஆவது கிலோமீற்றரில், நள்ளிரவு கடந்து, மழையில், ஒரு நிலையத்தில் அட்டையை நீட்டினேன். தொண்டர் ஒருவர் தலைவிளக்கோடு குனிந்து நேரத்தைக் குறித்தார். என் கை நடுங்கியது. குளிர் என்று அவர் நினைத்துத் தேநீர் தந்தார். இருட்டில் வெளிச்சம் முகத்தில் அடிக்க, ஒரு துண்டு அட்டையை நீட்டி நிற்பது எனக்குப் பழக்கமான ஒன்று. பாஸ் காட்டி, அடையாள அட்டை காட்டி நின்ற உடம்பு அதை மறக்கவில்லை. என்னால் மீண்டும் சைக்கிளில் ஏற முடியவில்லை. மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

காரில் வரும்போது அவன் கேட்டான்: "அப்பா, இதுக்கு முதல் நீங்கள் மழையில இரவு முழுக்கச் சைக்கிளோட நிண்டிருக்கிறீங்களா?"

அதுவரை அவனுக்கு நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கியது. அம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் இரண்டு பைகளோடு, கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்கு உருட்டிக்கொண்டு போனேன். இருபது கிலோமீற்றர்கூட இல்லை. பதினாறு மணித்தியாலம் எடுத்தது. மிதிக்க இடம் இருக்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் யாரோ ஒருவர் அம்மாவுக்குக் குடை பிடித்தார். அவர் பெயர் தெரியாது. மகன் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் சைக்கிளை அவனே துடைத்துக் கராஜில் வைத்தான்.

அடுத்த ஆண்டு அதே 400ஐ 26 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். கடைசி நிலையத்தில் கை நடுங்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அட்டையை வாங்கியவர் முத்திரை குத்தி, "சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்டார். நான் போகலாமா கூடாதா என்று அவர் தீர்மானிக்கவில்லை. அந்த வித்தியாசத்தை உடம்புக்குக் கற்பிக்கத்தான் நான் ஓடுகிறேன் என்று இப்போது நினைக்கிறேன். பாரிஸ்-பிரெஸ்ட் வழியில் கிராமத்தவர்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, முகம் தெரியாதவர்களுக்கு இரவிரவாகக் கோப்பி கொடுப்பார்களாம். அதைப் பார்க்க ஆசை.

தொடங்க விரும்பும் உறவுகளுக்குச் சில வார்த்தைகள். நம்மவர்களிடையே நீரிழிவும் இதய நோயும் அதிகம். முதலில் வைத்தியரிடம் போங்கள். பிறகு 100 கி.மீ. ஓட்டம் ஒன்றில் சேருங்கள். அதற்கு 6 மணி 40 நிமிடம் உண்டு. விலையுயர்ந்த சைக்கிள் வேண்டாம், உடம்புக்குப் பொருந்தும் இருக்கை வேண்டும். இரவில் முன்னுக்கு வெள்ளை விளக்கு, பின்னுக்குச் சிவப்பு விளக்கு இந்த மாநிலச் சட்டம். தூக்கம் வந்தால் இறங்கிப் படுங்கள். அட்டை அடுத்த மாதமும் கிடைக்கும்.

முடியாவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க வெட்கப்படாதீர்கள். வரும் வழியில் சொல்வதற்கு உங்களிடமும் ஏதாவது இருக்கலாம்.