ஜெய்சால்மர் கோட்டைக்கு தண்ணீர் ஏன் ஆபத்து? நடந்து சுற்றப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ராஜஸ்தானில் கோட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலான கோட்டைகளில் டிக்கெட் எடுத்து உள்ளே போனால், ஆளில்லாத அரண்மனையைப் பார்த்துவிட்டு திரும்ப வேண்டியதுதான். ஜெய்சால்மர் அப்படி இல்லை. இந்தக் கோட்டைக்குள் இன்றும் சுமார் 3,000 பேர் குடியிருக்கிறார்கள். துணி காய்கிறது, பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள் ஓடுகிறார்கள், மாடு குறுக்கே நிற்கிறது. மக்கள் வாழும் இடம் என்பதால் கோட்டைக்குள் நுழைய கட்டணமும் கிடையாது. உள்ளே இருக்கும் அரண்மனை அருங்காட்சியகம், ஜைனக் கோயில்கள் போன்றவற்றுக்குத்தான் டிக்கெட்.

1156-ம் ஆண்டு பாட்டி ராஜபுத்திர மன்னர் ராவல் ஜெய்சல், திரிகூட மலை என்ற குன்றின் மேல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. அவர் பெயரே ஊருக்கும் வந்தது. இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் இணைத்த ஒட்டக வணிகப் பாதையில் இந்த ஊர் இருந்ததால் பணம் கொட்டியது. 2013-ல் ராஜஸ்தானின் மற்ற 5 மலைக் கோட்டைகளோடு சேர்த்து இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

எங்கிருந்து நடக்கலாம்?

கோட்டையின் நீளம் சுமார் 460 மீட்டர், அகலம் 230 மீட்டர். ரொம்ப சின்ன இடம். அரை நாள் போதும், வழிகாட்டி கூட அவசியமில்லை.

மேலே ஏற 4 வாசல்களைக் கடக்க வேண்டும். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல். 'போல்' என்றால் வாசல். ஆட்டோவில் மேல்வரை போய்விடலாம்தான், ஆனால் போகாதீர்கள். பாதை எதற்காக இப்படி வளைந்து வளைந்து ஏறுகிறது என்பது நடந்தால்தான் புரியும். யானையோ குதிரைப்படையோ வேகமெடுத்து வந்து கதவை மோதக் கூடாது, அதற்குத்தான் இந்தத் திருப்பங்கள். அண்ணாந்து பார்த்தால் மதில் விளிம்பில் உருண்டைக் கற்கள் வரிசையாக இருக்கும். அலங்காரம் இல்லை. ஏறி வருபவர்கள் தலையில் உருட்டிவிட வைத்தவை.

ஹவா போலைத் தாண்டினால் தசரா சௌக் என்ற திறந்த முற்றம். ஒரு பக்கம் அரண்மனை. அங்கிருந்து பிரியும் சந்துகளில்தான் உண்மையான கோட்டை இருக்கிறது. வீட்டு வாசல் சுவர்களில் பிள்ளையார் படம் வரைந்து, பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை! கல்யாணம் முடிந்த பிறகும் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும்.

சந்துகளுக்கு நடுவே 7 ஜைனக் கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பழைய ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கும் நூலகமும் அங்கே உண்டு. தோல் பெல்ட், தோல் பர்ஸை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியாட்களை அனுமதிக்கும் நேரம் குறைவு என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

சரி, தண்ணீரில் என்ன பிரச்னை?

ஜெய்சால்மரில் வருடம் முழுக்கப் பெய்யும் மழை மிகக் குறைவு. அந்த மழையை மனதில் வைத்துக் கட்டிய கோட்டை இது. வெளி மதில்களில் பல இடங்களில் சாந்து கூட கிடையாது, கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். பல வீடுகளின் கூரை மண் கூரை. குடிக்க, சமைக்க கோட்டைக்கு வெளியே இருக்கும் கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடத்தில் சுமந்து வந்தார்கள். சுமந்து வரும் தண்ணீரை யாரும் வீணாக்க மாட்டார்களே! கீழே கசிவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

குழாய் வந்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. வீட்டுக்கு வீடு கழிவறை, குளியலறை. பிறகு சுற்றுலா வளர்ந்தது. சத்யஜித் ரேயின் 'சோனார் கெல்லா' படம் 1974-ல் வந்த பிறகு, வங்காளத்திலிருந்து மட்டும் கூட்டம் கூட்டமாக மக்கள் வரத் தொடங்கினார்கள். பழைய வீடுகள் விடுதிகளாகின. அறைக்கு ஒரு ஷவர். இவ்வளவு தண்ணீரும் வெளியேற சரியான வடிகால் இல்லை. இருந்த குழாய்களிலும் ஒழுகல்.

அந்தக் குன்றில் பாறையோடு களிமண் அடுக்குகளும் இருக்கின்றன. கசிந்த தண்ணீர் அதில் இறங்கும்போது களிமண் உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. மேலே சாந்து இல்லாமல் நிற்கும் கல் என்ன செய்யும்? நகரும். கோட்டையின் 99 கொத்தளங்களில் சில ஏற்கெனவே சரிந்திருக்கின்றன. ஆபத்தில் இருக்கும் சின்னங்களுக்கான உலக நினைவுச்சின்ன நிதியத்தின் பட்டியலில் 1996-லேயே ஜெய்சால்மர் இடம்பிடித்தது. அதன்பின் பழுதுபார்ப்பு வேலைகள் நடந்தன. ஆனாலும் 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையில் மதிலின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

அப்போ உள்ளே தங்கக் கூடாதா?

தடை எதுவும் இல்லை. கோட்டைக்குள் தங்குவது தனி அனுபவம் என்பதும் உண்மைதான். ஆனால் வெளியே, கோட்டையைப் பார்த்தபடியே எத்தனையோ விடுதிகள் இருக்கும்போது அங்கே தங்குவதுதான் நியாயம். அதேநேரம், உள்ளே இருப்பவர்களை மொத்தமாகக் காலி செய்யச் சொல்வது சுலபமான பேச்சு. அரண்மனையில் வேலை பார்த்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் பல இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இவர்கள் போய்விட்டால் இதுவும் இன்னொரு காலிக் கோட்டைதான். படுக்கையை வெளியே வைத்துக்கொண்டு, சாப்பாட்டையும் ஷாப்பிங்கையும் உள்ளே வைத்துக்கொண்டால் அவர்கள் வருமானமும் போகாது.

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் மார்ச் வரை. மே மாதம் 45 டிகிரி வெயிலில் நடப்பது முடியாத காரியம். ஜோத்பூரிலிருந்து ரயில், பஸ் இரண்டும் உண்டு. பாதையில் பதித்த கற்கள் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், அதனால் பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். மதில் ஓரத்தில் செல்ஃபிக்காக விளிம்பில் ஏறி நிற்க வேண்டாம், காரணம் மேலேயே சொல்லியாச்சு.

இன்னொரு விஷயம். 'தங்கக் கோட்டை' என்று பெயர் வாங்கிக்கொடுத்த அந்த மஞ்சள் நிறத்தை உள்ளே இருந்து பார்க்க முடியாது. மாலை 5 மணிக்கெல்லாம் கீழே இறங்கி, ஊரின் ஓரத்தில் இருக்கும் வியாஸ் சத்ரிக்குப் போய்விடுங்கள். வெயில் சாயும்போது மொத்தக் கோட்டையும் அங்கிருந்து தெரியும்.