மல்யுத்த வீடியோ கேம்: மார்க்கா பார்த்து வாங்கினால் போதுமா?

பருப்பும் புளியும் விற்கும் நமக்கும் டி.வி.யில் ஆடும் மல்யுத்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். இரண்டு வகையில் சம்பந்தம் இருக்கிறது. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் வந்தால் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் இதுவும் ஒன்று. அடுத்ததாக, ஸ்டேஷனரி, ஃபேன்சி, செல்போன் சாமான்கள் விற்கும் நம் நண்பர்கள் இதையும் கடையில் வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

இதில் முடங்கும் பணம் சிறிதல்ல. 2-2-2021 அன்று பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது வட்டு போடும் வசதியுள்ள பெட்டியின் விலை 49,990 ரூபாய். விளையாட்டு வட்டுக்குத் தனி விலை. பெட்டியுடன் ஒரு கன்ட்ரோலர்தான் வரும். அண்ணன் தம்பி இருவரும் ஆட இன்னொன்று வாங்க வேண்டும். சிறிய கடையின் கொள்முதல் பணத்தையே விழுங்கிவிடும் தொகை இது. எனவே சரக்கின் தன்மையை அறிந்துகொள்வது நல்லது.

இது என்ன சரக்கு?

டி.வி.யில் வரும் தொழில்முறை மல்யுத்தம் நம் ஊர்க் கபடியைப் போன்ற போட்டி அல்ல. யார் வெல்வது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட கேளிக்கை. அடியும் விழுதலும் உடம்பை வருத்துபவைதாம். முடிவு மட்டும் எழுதி வைத்தது. அந்நாளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று அழைக்கப்பட்ட நிறுவனமே 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் செனட் சபையில் இதை ஒப்புக்கொண்டது. விளையாட்டுத் துறையின் கட்டுப்பாடும் வரியும் தன் மேல் விழாமல் இருக்கவே அப்படிச் செய்தது. வியாபாரிகளுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்!

1990களில் நம் பெட்டிக்கடைகளில் ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர் படம் போட்ட அட்டைகள் விற்றது பலருக்கும் நினைவிருக்கும். அதே நிறுவனம், வன உயிர்ப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுடன் அந்த மூன்று எழுத்துகளுக்காக நடந்த வழக்கில் தோற்று, 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயரை மாற்றிக்கொண்டது. பழைய வட்டு ஒன்றில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று இருந்தால் அதைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2002க்கு முந்தைய சரக்கு, அவ்வளவே.

கையில் பிடித்துப் பார்க்க வேண்டியவை

மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் அரிசி வாங்குவதில்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தெரிந்தவர் வீட்டிலோ கடையிலோ இரண்டு பேரை உட்கார வைத்துக் கால் மணி நேரம் ஆடச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

1. பொத்தான்களை வெறுமனே படபடவென்று அழுத்துகிறவன் வெல்கிறானா, நேரம் பார்த்து அழுத்துகிறவன் வெல்கிறானா? ஜப்பானில் 1989இல் தொடங்கிய ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் என்ற வரிசையில் இருவரும் கட்டிப்பிடித்த பின் சரியான கணத்தில் அழுத்துகிறவனுக்கே பிடி கிடைக்கும், அவசரக்காரனுக்குக் கிடைக்காது. நல்ல மல்யுத்த விளையாட்டின் உயிர் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

2. அடி வாங்குகிறவனுக்கு எதிர்ப்பிடி போட வழி இருக்கிறதா? வழியே இல்லையென்றால் தோற்கிற பிள்ளை பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடும். எப்போதும் வழி இருந்தால் ஆட்டம் முடியவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதே தரம்.

3. வாங்கிய அடி கணக்கில் சேருகிறதா? பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்காக 2003இல் வந்த ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெய்ன் இன்றும் பேசப்படுவதற்கு இது ஒரு காரணம். தலை, உடல், கை, கால் எதில் எவ்வளவு அடி என்று திரையில் காட்டும். காலையே குறிவைத்து அடித்து, கடைசியில் காலைப் பிடித்து முறுக்கினால் எதிராளி பணிவான். திட்டம் போட்டு ஆடுவதற்கு அதில் இடம் இருந்தது.

4. உருவங்கள் ஒன்றையொன்று ஊடுருவுகின்றனவா, மேடைக் கயிற்றில் சிக்கி நிற்கின்றனவா? மல்யுத்தத்தில் இரண்டு உடல்கள் எப்போதும் ஒட்டியே இருப்பதால் இதைச் செம்மையாகச் செய்வது கடினம். தயாரிப்பாளர் உழைத்திருக்கிறாரா என்பது இங்கே தெரிந்துவிடும்.

மார்க்காவை நம்பி ஏமாந்த கதை

பெயர் பெற்ற மார்க்கா என்பதால் மூட்டையைப் பிரிக்காமலே வாங்கலாமா? 2019இல் உலகெங்கும் பலர் அப்படி வாங்கினார்கள். 2000ஆம் ஆண்டு முதல் இந்த வரிசையைத் தயாரித்து வந்த யூக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் விலகிக்கொண்டது. விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தலைமைப் பொறுப்பேற்று, 2019 அக்டோபரில் டபிள்யூ.டபிள்யூ.இ. டூகே 20 வெளிவந்தது. முகங்கள் கோணின, உருவங்கள் திசைமாறிப் பறந்தன, ஆட்டம் பாதியில் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1-1-2020 பிறந்ததும் அது சரிவர ஓடவே மறுத்தது. பெட்டியின் தேதியைப் பின்னோக்கி 2019க்கு மாற்றி வைத்தவர்களுக்கு மட்டும் ஓடியது! பிறகு நிறுவனம் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தது. மறு ஆண்டுக்கான பதிப்பைக் கைவிட்டு, 2022 மார்ச்சில்தான் அடுத்த பெரிய வெளியீட்டைக் கொண்டுவந்தது.

மேலட்டையும் வீரர் படமும் மாறவில்லை. சரக்கு போடும் கை மாறியது. அரைவை ஆலை கைமாறிய பின் அதே மார்க்காவில் வரும் மாவை நாம் எப்படிச் சோதித்து வாங்குவோமோ, அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

கடல் கடந்து வரும் பெட்டிகள்

காரைக்காலில் பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் ஏராளம். அங்கிருந்து வரும் பெட்டிகளும் வட்டுகளும் நம் வீடுகளில் புழங்குகின்றன. பிளேஸ்டேஷன் 2 காலத்துப் பெட்டிகளுக்கு வட்டாரப் பூட்டு உண்டு. சிங்கப்பூரில் விற்றது ஜப்பான் வட்டாரத்தைச் சேர்ந்தது; பிரான்சில் விற்றது ஐரோப்பிய வட்டாரத்தைச் சேர்ந்தது. பெரியப்பா பாரீசிலிருந்து அனுப்பிய வட்டு, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஓடாது. வட்டும் நல்லது, பெட்டியும் நல்லது, சேர்க்கைதான் தவறு. பிளேஸ்டேஷன் 4, 5 வட்டுகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. ஆனால் பிறகு காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் வீரர்கள், கணக்கு எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்குரிய வட்டுக்கே பொருந்தும். பழைய ஜப்பானியப் பெட்டி என்றால் பின்புறத் தகட்டையும் பாருங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230.

ஐரோப்பாவிலிருந்து வரும் உறையில் 16 என்ற எண் இருந்தால் அது விலையோ வரிசை எண்ணோ அல்ல. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்ற அறிவிப்பு. டூகே வரிசைக்கு அங்கே அந்த எண்தான் கொடுக்கப்பட்டுள்ளது. சிறு பிள்ளைக்கு வாங்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வித்தை அது, தம்பி மேல் செய்து பார்க்கக் கூடாது என்றும் சொல்லி வைக்க வேண்டும்.

கடையில் வைப்போர் கவனத்துக்கு

முதலாவது, இது நாள்படத் தேறும் புளி அல்ல. நாள்பட்டால் இறங்கும் சரக்கு. 2022 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் புதுப் பதிப்பு வந்தது. புதியது வந்ததும் பழையதைக் கேட்பார் குறைவு. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக மொத்த வியாபாரி எழுத்தில் தந்தாலன்றி இருப்பு வைக்க வேண்டாம். ஆர்டர் பிடித்து வரவழைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, வரி. கேம் பெட்டிகள் மீதான ஜி.எஸ்.டி. 1-1-2019 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபட்ட காலம் 1-7-2017உடன் முடிந்துவிட்டதால், நாகப்பட்டினத்துக்கும் நமக்கும் விகிதம் ஒன்றே. வீட்டுப் பிள்ளைக்கு வாங்கியதைக் கடை பில்லில் போட்டு உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது. சொந்த உபயோகப் பொருளுக்குச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

மூன்றாவது, நகல் வட்டுகள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி விற்றால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இறக்குமதிச் சரக்கின் உறையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இருக்கின்றனவா என்று பார்த்தே எடுங்கள்.

நான்காவது, விளையாட்டுக்குள்ளேயே காசு கேட்கும் இடங்கள் உண்டு. கடைக் கணக்கின் வங்கி அட்டையைப் பெட்டியில் பதிந்து வைக்காதீர்கள். பிள்ளை விரல் பட்டால் கல்லா குறையும்.

வட்டை வாங்கும் முன் இருவர் கையில் கொடுத்து ஆடிப் பார்க்கச் செய்யுங்கள். தோற்ற பிள்ளை, "இன்னொரு ஆட்டம்" என்று தானே கேட்டால் அது நல்ல சரக்கு. கேட்காவிட்டால், மேலட்டையில் எந்தச் சாம்பியன் படம் இருந்தாலும் பணத்தைக் கல்லாவிலேயே வைத்திருக்கும்படி வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.