இருதயக் குழாயில் ஒரு பலூன்

"வெறும் வாய்வுதான், இஞ்சிக் கஷாயம் குடித்தால் சரியாய்ப் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டு, நம்முடன் பணிபுரியும் உபாத்தியாயர் ஒருவர் இரண்டு நாள் பள்ளிக்கு வந்து போனார். மாடிப்படி ஏறும்போதெல்லாம் யாரோ மார்பை அமுக்குவது போலிருந்ததாம். மூன்றாம் நாள் வகுப்பிலேயே வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம்.

இருதயத்துக்கே ரத்தம் ஊட்டும் குழாய்களில் ஒன்று குறுகிவிட்டது என்றும், உள்ளே படிந்த கொழுப்பில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகியிருப்பதால் 'ஸ்கோரிங் பலூன்' கொண்டு திறக்கவேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். நண்பரின் மனைவியார் கையெழுத்திடுமுன் நம்மைப் பார்த்து, "இருதயத்துக்குள் பலூனை ஊதினால் வெடித்துவிடாதா, அண்ணா?" என்று கேட்டார். அந்த அம்மாளுக்குச் சொன்ன பதிலையே வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

இருதயத்துக்குள் குழாய் செலுத்தலாம் என்று முதலில் துணிந்தவர் ஜெர்மானிய டாக்டர் வெர்னர் போர்ஸ்மன். 1929-ல் தம் கை நரம்பு வழியாகத் தாமே ஒரு மெல்லிய குழாயை இருதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்விட்ஜர்லாந்திலுள்ள ஸூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்ஸிக் என்ற டாக்டர், தம் வீட்டுச் சமையலறை மேஜையின்மீதே சின்னஞ்சிறு பலூன்களைச் செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16-ம் தேதி, 38 வயதான ஒருவருடைய இருதயக் குழாயை, மார்பைப் பிளக்காமலே, பலூனால் விரித்துக் காட்டினார். வைத்திய உலகம் வியந்தது.

இந்தப் பலூனில் காற்றை ஊதுவதில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தையே அளவாக ஏற்றுகிறார்கள். மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மயிரிழை போன்ற கம்பி முன்னே செல்ல, அதன்மீது பலூன் பின்தொடர்கிறது. இருதயக் குழாயின் உள்விட்டமோ சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான்!

படிவு மிருதுவாயிருந்தால் சாதாரணப் பலூனே போதும். இறுகியிருந்தால் சங்கடம். நடுவில் விரிய இடமின்றிப் பலூன் இரு முனைகளிலும் உப்பும். அல்லது வழுக்கி நகர்ந்துவிடும். அழுத்தத்தை மிகுதியாக்கினால் குழாயின் சுவர் கண்டபடி கிழியக்கூடும்.

இங்கேதான் ஸ்கோரிங் பலூனின் சாமர்த்தியம். மைசூர்ப்பாகைத் தட்டில் கொட்டியதும் நம் வீட்டுப் பெண்மணிகள் கத்தியால் கோடு கிழித்து வைப்பதில்லையா? பிறகு எடுக்கையில், கோட்டின் வழியே வில்லை வில்லையாக வருகிறது. கோடு போடாத பாகு நொறுங்கித் தூளாகிறது. அதே தத்துவம்தான். பலூனைச் சுற்றி நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. பலூன் விரியும்போது அழுத்தம் அக்கம்பிகளின் வழியே குவிந்து, இறுகிய படிவில் கோடுகள் விழுகின்றன. வழுக்கலும் குறைகிறது, குழாயும் ஒழுங்காக விரிகிறது. பின்னர் அவ்விடத்தில் 'ஸ்டென்ட்' என்னும் உலோக வலைக் குழலைப் பொருத்துவது வழக்கம்.

ஆயினும் இது சர்வரோக நிவாரணியன்று. கம்பிகள் இருப்பதால் பலூன் சற்றுத் தடித்தது; வளைந்து நெளிந்த குழாயில் எளிதில் புகாது. சுண்ணாம்பு வளையமாக இறுகிவிட்டால் துளைக்கும் கருவியோ அதிர்வலையோ வேண்டியிருக்கும். அபூர்வமாகக் குழாய் கிழிவதும் உண்டு. இதை அந்த அம்மாளிடம் நாம் மறைக்கவில்லை. அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

நண்பர் பிழைத்தார். இன்று மீண்டும் கணக்குப் பாடம் நடத்துகிறார், புகையிலையை விட்டார், மாத்திரையைத் தவறவிடுவதில்லை. பலூன் ஓரிடத்து அடைப்பைத்தான் திறக்கும், நோயின் வேரை அறுக்காது என்பதை அவர் உணர்ந்திருக்கிறார்.

ஆனால் வீணாய்ப் போன அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்றும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. மார்பில் பாரமும் வியர்வையும் கண்டால் கஷாயத்துக்கு அடுப்பு மூட்டவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். வாய்வா, இருதயமா என்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை, நம்முடைய வேலையன்று.