ஊசிக்கு ஒரு நிலையான வழி

பந்திங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வாரம் 3 முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வோரை நாம் அறிவோம். முறைக்கு 2 ஊசிகள். ஆண்டுக்கு 300க்கு மேல்!

காது குத்திய துளையில் தோடு வலியின்றி நுழைகிறதல்லவா? (மூக்குத்தி அணிந்தோருக்குச் சொல்லவே வேண்டாம்.) அதுபோல, சிகிச்சைக்கென இணைத்த இரத்தக் குழாயில், ஒரே இடத்தில், ஒரே சாய்வில், கூடுமானவரை ஒரே தாதி சில வாரங்கள் குத்திவந்தால் தழும்புப் பாதை உண்டாகும். பிறகு முனை மழுங்கிய ஊசியே போதும். குத்த வேறு இடமில்லாத ஒரு நோயாளியிடம், 1970களில் போலந்து மருத்துவர் த்வார்தொவ்ஸ்கி கண்டறிந்தது இது.

எல்லாருக்கும் இது ஏற்றதன்று. மருத்துவரே முடிவு செய்வார். துளைமேல் படியும் பொருக்கில் கிருமி தங்கும். அதனை நகத்தால் கிள்ளாதீர்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிச் செல்லுங்கள். பொருக்கைத் தாதியே நீக்குவார். அவ்விடம் சிவந்தாலோ, சீழ் கண்டாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, அடுத்த முறைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.