கொண்டை ஊசி வளைவுல ஒரு பியூட்டி பார்லர்!

செமஸ்டர் லீவுக்கு ஏற்காடு பிளானா? சேலத்துல பஸ் ஏறினதும் முதல் வேலையா ஜன்னல் சீட்டைப் பிடிங்க. அடிவாரத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு. மத்தவங்க வாந்தி வருதான்னு கவலைப்படட்டும், நீங்க ரோட்டோரத்தைப் பாருங்க. காசு கொடுக்காம ஒரு பியூட்டி பார்லரே பூத்துக் கிடக்கும். ஆனா அந்தப் பார்லர்ல யாரை நம்பறதுன்னு தெரியணும். அதுல ஏமாந்த கதை எங்ககிட்ட இருக்கு!

செகண்ட் இயர் டூர். ரூம்மேட் ஒருத்தி, 'ஊர்ல எங்க ஆயா காயத்துக்குப் பிழிவாங்க, இது மூக்குத்திப்பூ'ன்னு சொல்லி ஒரு கை நிறைய வெள்ளைப் பூவைப் பறிச்சா. இலையோட அரைச்சு, தயிர்ல குழைச்சு ஃபேஸ்பேக். ராத்திரி பூரா அரிப்பு. மறுநாள் குரூப் போட்டோவுல அவ முகம் மட்டும் துப்பட்டாவுக்குள்ள! டீக்கடையில இருந்த ஒரு அம்மா, மிச்சம் இருந்த செடியைப் பார்த்துட்டு, "இந்த விஷப்பூண்டையா கண்ணு மூஞ்சில பூசுன?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அது மூக்குத்திப்பூ இல்ல, பார்த்தீனியம்.

ரெண்டுமே வெளியூர்ச் சரக்கு, அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்ததுங்க. மூக்குத்திப்பூவை வெட்டுக்காயப் பூண்டுன்னும் சொல்வாங்க. தரையோட படரும். நீளமான ஒரே காம்பு, அதோட நுனியில ஒத்தைப் பூ. நடுவுல மஞ்சள், சுத்தி அஞ்சாறு வெளிறின இதழ். பார்த்தீனியம் அப்படி இல்ல. இடுப்பு உயரம் நிமிர்ந்து நிக்கும், இலை கேரட் இலை மாதிரி கிழிஞ்சு கிழிஞ்சு இருக்கும், கிளை பூரா பொரி தூவின மாதிரி குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. தொட்டாலே சிலருக்குத் தோல் தடிச்சுடும், அரைச்சுப் பூசினா கேட்கவே வேணாம். இன்னொண்ணு, அசல் வெட்டுக்காயப் பூண்டா இருந்தாலும் சின்னக் கீறலோட நிறுத்திக்குங்க. துருப்பிடிச்ச தகரம் கிழிச்சா டி.டி. ஊசிதான்.

சரி, நம்பிக்கையான பார்ட்டி யாரு? அடிவாரத்து வறண்ட பக்கம் மஞ்சளா சிரிக்கிற ஆவாரம்பூ. ஒரு காலத்துல தோல் பதனிட இதோட பட்டையைத்தான் உரிச்சாங்க. இப்போ பூ நமக்கு! நிழல்ல நாலஞ்சு நாள் காயவிட்டு, ஒரு பங்கு பூவுக்கு ரெண்டு பங்கு பாசிப்பயறு, கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் சேர்த்து அரைச்சா சோப்புக்கு லீவு விட்டுடலாம். வேர்வை நாத்தத்துக்கும் கேட்கும். டீ போட்டுக் குடிக்கிற வழக்கமும் உண்டு. ஆனா சுகர் மாத்திரை சாப்பிடற அப்பாவுக்கு 'நேச்சுரல்தானே'ன்னு நீங்களா ஊத்திக் கொடுக்காதீங்க, டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுங்க.

சளி பிடிச்சா தும்பை. பூவும் இலையுமா வெந்நீர்ல போட்டு ஆவி பிடிச்சா மூக்கு திறக்கும். ஹாஸ்டல்ல எலெக்ட்ரிக் கெட்டில் மேல போர்வையைப் போர்த்திக்கிட்டு ஹீரோயிசம் வேணாம், வெந்துடும்!

மேல ஏற ஏற கலர் கலரா குடை பிடிச்சு நிக்கறது உண்ணிச்செடி. அழகுக்குன்னு வெள்ளைக்காரங்க கொண்டு வந்தது, இன்னிக்குக் காட்டையே மூடிக்கிட்டு நிக்குது. இலையைத் தின்ன மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டா தோல் உரியும். ஸோ, நோ ஃபேஸ்பேக். மழைக்காலத்துல வேலியில தீ மாதிரி எரியற செங்காந்தள் நம்ம மாநில மலர். கல்லூரி விழாவுக்குக் கோலம் போடலாம், வாய்கிட்ட மட்டும் கொண்டு போகாதீங்க. அதுல இருக்கிற கால்ச்சிசின்தான் கீல்வாத மாத்திரைக்கும் மூலப்பொருள். ஆனா கிழங்கைத் தின்னா உயிருக்கே உலை.

எதுவா இருந்தாலும், அரைச்சதுல ஒரு துளியை முழங்கை உள்பக்கம் தடவி ரெண்டு நாள் பொறுங்க. அலர்ஜி சில சமயம் லேட்டாத்தான் அட்டெண்டன்ஸ் போடும். எங்க ரூம்மேட் அந்த ரெண்டு நாளைத்தான் மிச்சம் பிடிச்சா.

பறிக்கற இடமும் முக்கியம். பஸ் புகை குடிச்ச பூ வேணாம். காபி எஸ்டேட்டுக்குள்ள மருந்து அடிச்சிருப்பாங்க, அதோட அது அடுத்தவர் சொத்து. காப்புக்காட்டுக்குள்ள பறிச்சா வனத்துறை கேஸ் போடும். மரத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற ஆர்க்கிட் பக்கம் கையே போகக் கூடாது. அதைப் பார்க்கணும்னா ஏற்காட்டுலயே இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல ஆரம்பிச்ச ஆர்க்கிட் தோட்டம் இருக்கு. மூலிகையை அடையாளம் தெரிஞ்சுக்கணும்னா, திரும்பற வழியில மேட்டூர் அணைக்கு ஒரு ரவுண்டு. அங்க மத்திய அரசோட சித்த மருத்துவ மூலிகைத் தோட்டம் இருக்கு.

ரூம்மேட்? முகம் சரியாக ஒரு வாரம் ஆச்சு. இப்போ ஆவாரம்பூப் பொடி அரைச்சு ரூம் பூரா சப்ளை பண்றா. முதல் டெஸ்ட் மட்டும் எங்க கையில!