சண்டேசர் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம்

மார்கழி, தை மாதங்களில் கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்களுக்குக் கோயிலின் வடபுறத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கும். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சிவேளையிலும் அங்கே நிழல்தான். அடியாரான சண்டேசரின் தலையில் சிவன் மாலை சுற்றிவிடும் புகழ்பெற்ற சிற்பம் வடக்கு வாசல் படிக்கட்டருகே இந்த நிழலில்தான் இருக்கிறது. சிற்பத்தையும் வெயில் வானத்தையும் ஒரே படத்தில் எடுத்தால், ஒன்று வானம் வெளுத்துப்போகும். இல்லாவிட்டால் முகம் கருத்துப்போகும்.

படம் முழுவதையும் வெளிச்சமாக்குவது இதற்கு மருந்தல்ல. வேண்டிய இடத்தை மட்டும் வெளுக்க வைப்பது 'டாட்ஜ்', கருக்க வைப்பது 'பர்ன்'. போட்டோஷாப்பில் முன்னதற்குக் குச்சியில் செருகிய வட்டும், பின்னதற்கு விரல் குவித்த கையும் அடையாளம். இரண்டும் இருட்டறைச் சொத்து. நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் ஒளி படப்பட புகைப்படத் தாள் கருக்கும். கம்பியில் ஒட்டிய அட்டையால் ஓரிடத்தைச் சில நொடி மறைத்தால் அங்கே கருமை குறையும். குவித்த விரல்களுக்கு இடையே கூடுதல் ஒளி விட்டால் கருமை ஏறும். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த ஹெர்னாண்டஸ் நிலவுப் படத்தின் வானம், பிற்காலத்தில் அவரே போட்ட பிரதிகளில் மேலும் மேலும் கருத்துக்கொண்டே போனது இப்படித்தான்.

கணினியில் இதைச் செய்கிறவர்கள் மூலப் படத்தைத் தொடுவதில்லை. அதன்மேல் 50 சதவீதச் சாம்பல் நிற லேயர் ஒன்றைப் போட்டு 'ஓவர்லே' முறைக்கு மாற்றுகிறார்கள். அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. மென்மையான பிரஷால் அதில் வெள்ளை தடவினால் கீழே உள்ள இடம் வெளுக்கும், கறுப்பு தடவினால் கருக்கும். சண்டேசரின் கன்னம், சிவனின் விரல்கள், மாலை ஆகியவற்றுக்குக் கொஞ்சம் வெள்ளை. மாடத்தின் ஓரங்களுக்குக் கொஞ்சம் கறுப்பு. பலரும் தவறுவது இங்கேதான். செதுக்கலின் பள்ளங்களையும் சேர்த்து வெளுக்கவிட்டால் சிற்பம் சுவரொட்டி போலத் தட்டையாகிவிடும். கல்லுக்கு ஆழம் தருவதே நிழல்தான்.

இல்லாததை இது கொண்டுவராது. ஜேபெக் படத்தில் ஒளியளவு 0 முதல் 255 வரை. 255ஐ முட்டி வெளுத்த வானத்தைக் கருக்க வைத்தால் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு என்பதால், வானம் கெடாத அளவில் எடுத்துவிட்டுப் பிறகு நிழலைத் தூக்கலாம். அளவு மீறினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தட்டும்.

இந்தக் கோயில் இருக்கும் அரியலூர் மாவட்டத்திலேயே இன்னொரு கல்லுக்கு இந்தக் கைவேலை கூடாது. டைனோசர் காலக் கடல் விட்டுப்போன அம்மோனைட் புதைபடிவங்களை இனம் காண, அவற்றில் நெளியும் தையல்கோடுகள் உதவுகின்றன. ஒரு கோட்டை மட்டும் எடுப்பாக்கினால் படம் பொய் சாட்சி சொல்லும். ஆய்விதழ்கள் கேட்பது, எந்த மாற்றமானாலும் படம் முழுவதற்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே. ஆகவே தொல்லுயிரியலாளர்கள் படமெடுக்கும் முன்பே வேலையை முடித்துவிடுகிறார்கள்: படிவத்தின்மேல் அம்மோனியம் குளோரைடை வெண்பூச்சாகப் படியவிட்டு, இடது மேற்புறத்திலிருந்து ஒளி பாய்ச்சுவார்கள்.

கோயில் படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. செல்போனில் பழக ஸ்னாப்சீட் செயலியின் பிரஷ் பகுதியே போதும். பிரதி எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.