கொல்லும் ஒளியும் காக்கும் ஒளியும்

ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களுக்குக் கதிரவனே உணவுக்கு வழி. அவற்றின் உயிருக்கு ஊறு விளைவிப்பதும் அக்கதிரவனே. ஒளியை நாடாவிடில் பசி, நாடினால் காயம். இவ்விக்கட்டை மிகப் பழங்காலந்தொட்டு எதிர்கொண்டு வருபவை சயனோபாக்டீரியாக்கள். நம் பாடநூல்கள் இவற்றை ‘நீலப்பச்சைப் பாசி’ என்று நெடுங்காலம் வழங்கின. பாசிகளின் உயிரணுவில் உட்கரு உண்டு. இவற்றில் அது இல்லை. ஆகவே இவை பாசியல்ல, பாக்டீரியாவே என்பதை முதற்கண் தெளிந்துகொள்வோம்.

‘புறஊதா’ என்னும் சொல், ஊதா நிறத்துக்கு அப்பாற்பட்டது என்று பொருள்படும். அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் குறைந்த இக்கதிர்களை மூவகையாகப் பகுப்பர்: 315 முதல் 400 வரை ‘ஏ’, 280 முதல் 315 வரை ‘பி’, அதனினும் குறைந்தது ‘சி’. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் மிகும். ‘சி’ வகை முழுவதையும் ‘பி’ வகையில் பெரும்பகுதியையும் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அத்தடுப்பில் தலையாய பங்கு ஓசோன் படலத்துடையது. ஓசோனுக்கு மூலமான ஆக்சிஜன், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கியது இவ்வுயிரிகளின் மூதாதையரால்தான். அதாவது, குடை விரியுமுன்னரே வெயிலில் வாழக் கற்றவை இவை.

எஞ்சி வரும் ‘பி’ கதிர் சிறப்பாக இரண்டு இடங்களைத் தாக்குகிறது. ஒன்று டி.என்.ஏ. அதன் இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரு தைமின்கள் தமக்குள் பிணைந்து முடிச்சாகின்றன. படியெடுக்கும் நொதி அம்முடிச்சில் தடைபட்டு நிற்கிறது. மற்றொன்று ஒளிச்சேர்க்கை அமைப்பிலுள்ள ‘டி1’ என்னும் புரதம். அது சிதைந்தால், நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் பணியே முடங்கும்.

இவை பிழைக்கும் வழிகளை விலகல், மறைத்தல், சீராக்கல் என மூன்றாக வகுக்கலாம். பாய்போல் படர்ந்து வாழும் இழைவடிவ இனங்கள் சில, வெயில் கடுமையாகும்போது கீழே நகர்ந்து, தணிந்தபின் மேலேறுகின்றன. நகர இயலாத இனங்கள் பல, தம் உறையில் சைட்டோனீமின் என்னும் பழுப்பு நிறமியைச் சேர்க்கின்றன. அது ‘ஏ’ கதிரைப் பெரிதும் உறிஞ்சிக்கொண்டு, பச்சையத்துக்கு வேண்டிய செவ்வொளியை உள்ளே விடுகிறது. நம் அடுக்குமாடிச் சுவர்களில் மழைநீர் வழிந்த தடங்களில் படரும் கருங்கறையில் இவ்வுயிரிகளுக்கும் பங்குண்டு.

மூன்றாவது வழியே மிக நுட்பமானது. சிதைந்த டி1 புரதத்தை அகற்றிப் புதியதை இடைவிடாது பொருத்துகின்றன. தைமின் முடிச்சைப் போக்க ஒரு நொதி உண்டு. அது நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டே வேலை செய்கிறது. காயப்படுத்திய கதிரவனிடமிருந்தே மருந்தும் கிடைக்கிறது.

இந்நொதியை அறிவியலார் ‘ஃபோட்டோலையேஸ்’ என்பர். அதன் சொல்லுறுப்புகளை மட்டும் பெயர்த்தால் ‘ஒளிச்சிதைப்பி’ என்றாகும். மாணவர் அதனைத் தீங்கு செய்வதாகவே கருதுவர். அதன் செயலை நோக்கினால், முடிச்சு மட்டுமே நீங்குகிறது, இழை அறுபடுவதில்லை. அதற்கு நம் வழக்கில் ‘அவிழ்த்தல்’ என்னும் சொல் ஆயத்தமாக இருக்கிறது. ‘ஒளியவிழ்ப்பி’ என்றால் பொருள் தானே விளங்கும். செயலை அறிந்தபின் சொல்லைத் தேடுவதே கலைச்சொல்லாக்கத்தின் முறை. ‘பாசி’ என்ற பெயரால் நேர்ந்த மயக்கம் இங்கும் நேராதிருக்க அம்முறையே துணை.